அண்ணா மீது ஓங்கிய இடதுகை

அண்ணா,

கடிதத்தின் மேலே உங்கள் பெயரை எழுதிப் பார்த்தேன். யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதுவது போலிருந்தது, அழித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து உங்களை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிடாமல் விட்ட பதினான்கு மாதங்களும் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் ஆண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டா. ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். ஒளிக்க இனி எனக்கு ஒன்றுமில்லை.

முதலில் நல்ல செய்தி. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் திரும்பவும் பஸ் ஓட்டுகிறேன். இங்கே மெல்பேர்னில், டாண்டெனோங்கிலிருந்து காலைப் பஸ். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. இறங்குகிற சனம் ஒவ்வொருவராகத் தாங்ஸ் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். இந்த ஊரில் எல்லா நாளும் சொல்வதுதான், பதினெட்டு வருசமாகக் கேட்டுக் காது பழகிவிட்டது. அன்றைக்கு மட்டும் நான் ஒவ்வொருவருக்கும் திருப்பித் தாங்ஸ் சொன்னேன்.

திரும்பவும் என்று ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அது நீங்கள் போன பிறகு நடந்தது.

அதற்கு முன்னால், அப்பா செத்து முப்பத்தோராம் நாள் கிரியை, அந்த முப்பத்தொன்று அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அது நம் இருவருக்கும் தெரியும். பார்த்துக்கொண்டிருந்த இருபது பேருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

அப்பாவுக்கு மறதி கூடியபோது, நீங்கள் சிட்னியிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுத்து ஒரே விசயத்தைத்தான் சொன்னீர்கள். நல்ல பராமரிப்பு இல்லமாகப் பார்த்து விடுவோம், வீட்டில் வைத்துச் சமாளிக்க ஏலாது என்று. மனநல வார்டில் இருபத்தாறு வருசம் நர்ஸாக வேலை செய்த உங்களுக்கு அது தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை. நோபல் பார்க் வீட்டில் முன்னறையை அவருக்கு ஒதுக்கினேன். நானும் என் மனைவி சாந்தியும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவர் குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு. பிறகு நியூமோனியா. ஆறு கிழமையில் எல்லாம் முடிந்தது.

முப்பத்தொன்று அன்று, சாப்பாடு முடிந்து, சனம் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். குசினி வாசலில் நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"நீ அவரை வீட்டில வைச்சிருந்தது அவருக்காண்டி இல்லை, தம்பி. நல்ல பிள்ளையெண்டு பேரெடுக்க."

என் கை மேலே போனது. நான் இடதுகைக்காரன், அதனால் இடதுகை. உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நான் அடிக்கவில்லை. சில நேரம் நினைப்பேன், அடித்திருந்தால் நீங்கள் திருப்பி அடித்திருப்பீர்கள், நாலு பேர் பிடித்து விலக்கியிருப்பார்கள், பின்னேரம் தேத்தண்ணியோடு முடிந்திருக்கும் என்று. நீங்கள் கையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும்போதே டாக்சி பிடித்துப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் போன் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. பதினான்காம் மாதம் அண்ணி எடுத்தா. நீங்கள் கடைக் கார் பார்க்கில் விழுந்ததாகவும், அம்புலன்ஸ் வருவதற்கிடையில் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொன்னா.

சிட்னிக்கு வந்தேன். உங்களுக்கு வாய்க்கரிசி போட்டேன். அந்த நேரம் முழுக்க இடதுகையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தேனாம். சாந்திதான் பிறகு சொன்னா. எனக்கு நினைவில்லை.

திரும்பி வந்து வேலைக்குப் போன மூன்றாம் நாள், ஒரு தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கப் பார்க்கிறேன், இடதுகை மடியில் கிடக்கிறது. தூக்கினேன், வரவில்லை. வலதுகையால் எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. யாரோ இன்னொருவரின் கையைத் தூக்கி வைப்பது போலிருந்தது. நல்ல காலம், பஸ் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு பிலிப்பினோப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே அம்புலன்ஸுக்கு அடித்தா.

ஸ்ட்ரோக் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தலையை ஸ்கான் பண்ணினார்கள், கழுத்தைப் பண்ணினார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒரு நரம்பு டொக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. சின்ன வயசுப் பெண். என் இரண்டு கைகளையும் மேசையில் வைக்கச் சொன்னா. வலதுகை விரல்களை விரித்து, தன் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னா. தள்ளினேன்.

"இப்போது இடதுகையைப் பாருங்கள்" என்றா.

அண்ணா, என் இடதுகைச் சின்னவிரல் தானாக விரிந்துகொண்டிருந்தது. நான் விரிக்கவில்லை. நான் விரிக்கச் சொன்னால் அது விரியாது. நான் கவனிக்காத நேரம் பார்த்து அது தன் பாட்டுக்கு விரிந்தது.

"நரம்பு, தசை எல்லாம் நன்றாக இருக்கின்றன. நீங்கள் நடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இது உண்மையான வருத்தம்தான், குணமாகக்கூடிய நோய்" என்றா. பஸ்ஸில் ஒரு பழுதுமில்லை, ஓட்டுநர்தான் ஏறவில்லை என்று நான் எனக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். அண்மையில் ஏதாவது துக்கம் நடந்ததா என்று கேட்டா. அண்ணன் இறந்துவிட்டார் என்றேன். கை ஓங்கியதைச் சொல்லவில்லை. ஒரு உளவியலாளருக்குக் கடிதம் எழுதித் தந்தா. அதை மடித்துப் பேர்சுக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சாந்தி காரை ஓட்டிக்கொண்டு கேட்டா. "ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"தெரியேல்லை."

"ஸ்ட்ரோக் எண்டே சொல்லுவம். ஸ்ட்ரோக் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்காயினம்."

அப்படியே சொன்னோம். கேரம் டவுன்ஸ் கோயிலில் கேட்டவர்களுக்கும், டிப்போவில் கேட்டவர்களுக்கும், லண்டனிலிருந்து போன் எடுத்தவர்களுக்கும். சனம் மீன் எண்ணெய் கொண்டுவந்து தந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னது. நான் தலையாட்டினேன். இல்லாத வருத்தத்துக்கு அனுதாபம் வாங்குவது எவ்வளவு வெட்கமென்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இருக்கிற வருத்தம் அதைவிட வெட்கமாக இருந்தது. மனசால் உடம்பு முடங்குகிற இஸ்டீரியா என்ற சொல்லை எங்கேயோ கேட்டிருந்தேன். அது பொம்பிளையளின் வருத்தம் என்றுதான் எனக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயசில், பஸ் ஓட்டுகிற ஒரு ஆம்பிளைக்கு அது வருமா?

மூன்று மாதம் பிசியோவுக்குப் போனேன். விரல்கள் கொஞ்சம் அசைந்தன. கை தோள்மட்டத்துக்குக் கீழேயே நின்றது. உளவியலாளரின் கடிதம் பேர்சுக்குள் கிடந்து ஓரம் தேய்ந்தது.

ஒரு நாள் அண்ணி போன் எடுத்து, ஸ்ட்ரோக் எப்படி இருக்கிறது என்று கேட்டா. ஏனோ அவவிடம் பொய் வாயில் வரவில்லை.

"அண்ணி, அது ஸ்ட்ரோக் இல்லை. ஸ்கானில ஒண்டும் இல்லை. மனசில இருந்து வந்ததாம்."

அவ ஆச்சரியப்படுவா என்று நினைத்தேன். "ஓ, அதுவே?" என்றா, தடிமன் காய்ச்சல் என்று சொன்னால் கேட்பது மாதிரி. "உங்கட அண்ணா இதைப் பற்றி ரேடியோவில கதைச்சவரெல்லே. நீங்கள் கேக்கேல்லையோ?"

"இல்லை அண்ணி. அப்ப நாங்கள் கதைக்கிறேல்லை."

"உங்களுக்கு அனுப்பவே?"

"ஓம்."

உளப்பகுப்பாய்வு எப்படித் தொடங்கியது என்று சிட்னித் தமிழ் வானொலியில் நீங்கள் பதினொரு வாரம் பேசியது எனக்கு அதுவரை தெரியாது. மருத்துவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. என் வாயில் நுழையாததை எழுதிப் பிழை விட விருப்பமில்லை. கோயில் கார் பார்க்கில், ஒரு வேலைநாள் காலையில், காருக்குள் இருந்துகொண்டு, அண்ணி முதலில் கேட்கச் சொல்லி அனுப்பிய மூன்றாவது பேச்சைப் போட்டேன். முதலில் உங்கள் செருமல் கேட்டது. பிறகு, "வணக்கம் நேயர்களே" என்று, வீட்டில் ஒருநாளும் பேசாத ஒரு தமிழ். இரண்டு நிமிடத்தில் அது கழன்று பழைய குரல் வந்துவிட்டது.

பாரிஸ் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அங்கே ஒரு பெரிய டொக்டர் என்று தொடங்கினீர்கள். இந்த வருத்தம் பெண்களுக்கு மட்டுமில்லை, உடம்பை முறித்து வேலை செய்கிற ஆண்களுக்கும் வருகிறதென்று அவர் மாணவர்களைக் கூட்டி வைத்துக் காட்டினாராம். அவர்களில் ஒருவன் குதிரைவண்டி ஓட்டுகிறவன். ஆசனத்திலிருந்து விழுந்தான். விழுந்த அன்றைக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துக் கை செயலிழந்தது. நரம்பில் ஒரு காயமும் இல்லை.

நான் பேச்சை நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்து அந்த இடத்தை மறுபடி கேட்டேன். வண்டி ஓட்டுகிறவன். சில நாள் கழித்து.

அதைப் படித்துக்கொண்டு ஒரு இளம் டொக்டர் பாரிஸிலிருந்து தன் ஊரான வியன்னாவுக்குத் திரும்பி, அங்கே பெரியவர்கள் சபையில் சொன்னாராம். ஒரு கிழட்டுச் சத்திரசிகிச்சைக்காரர் எழும்பி, இஸ்டீரியா என்ற சொல்லே கர்ப்பப்பையிலிருந்து வந்தது, ஆம்பிளைக்கு அது எங்கேயிருந்து வரும் என்று கேட்டு மட்டந்தட்டினாராம். அதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தீர்கள். "எங்கட கோயில் கமிற்றியிலயும் இப்பிடி ஒராள் இருப்பார்" என்றீர்கள். நானும் காருக்குள் தனியாகச் சிரித்தேன். அந்தக் கிழவர் கேட்ட கேள்வியைத்தானே நானும் மூன்று மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்?

அந்த டொக்டர் விடவில்லை. அதே ஊரில் ஒரு ஆளைத் தேடிப் பிடித்துச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உலோகத்தில் செதுக்கு வேலை செய்கிற ஒரு தொழிலாளி. அவனுக்கு உடம்பின் இடது பக்கம் முழுக்க மரத்துப் போயிருந்தது. எப்படி வந்தது என்று விசாரித்தால், அவனுடைய சகோதரன் சண்டையில் கத்தியைத் தூக்கிக் குத்துவேன் என்று மிரட்டியிருக்கிறான்.

அந்த இடத்தில் நீங்கள் நிறுத்தினீர்கள், அண்ணா. வானொலியில் ஏழெட்டு விநாடி சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து போனைத் தட்டிப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்.

"குத்தேல்லை. மிரட்டினதுதான். கோவத்தில கை ஓங்கிறதுக்கு ஒரு நொடி போதும். அதைக் காவிக்கொண்டு திரியிறது எவ்வளவு காலமெண்டு ஆருக்குத் தெரியும்."

கதையில், ஓங்கியவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஓங்கக் கண்டவனுக்குத்தான் வந்தது. எனக்கு வந்தது சரி. உங்களுக்கு? அந்தப் பதினான்கு மாதங்களில் உங்களுக்கு எந்தப் பக்கம் மரத்திருந்தது? அண்ணியிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த பேச்சுகளையும் அங்கேயே இருந்து கேட்டேன். வியன்னாவில் ஒரு இளம்பெண், நோயாளித் தகப்பனைப் பராமரித்துக் களைத்தவள். கை விறைத்தது, பார்வை மாறியது, தாய்மொழி வாயை விட்டுப் போய் ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது. அந்த இளம் டொக்டரின் மூத்த நண்பர் ஒருவர் நாள்தோறும் போய் அவள் சொல்வதைக் கேட்டார். சொல்லச் சொல்லப் பாரம் குறைந்ததாம். அதற்குப் பேச்சு வைத்தியம் என்று பெயர் வைத்ததும் அவள்தான், டொக்டர் இல்லை. இன்னொரு பெண், கேள்வி கேட்டு இடையில் மறிக்காமல் தன்னைச் சொல்ல விடும்படி டொக்டரிடமே கேட்டுக்கொண்டாளாம். "டொக்டர்மார் கண்டுபிடிச்சது குறைவு. வருத்தக்காரர் பழக்கினதுதான் கூட" என்றீர்கள்.

நீங்கள் நேர்மையானவர். அந்த முதல் பெண் உடனே சுகமாகவில்லை, பிறகும் ஆஸ்பத்திரிகளில் கிடந்தாள், சுகமாகிவிட்டாள் என்று எழுதியது அவசரம் என்பதையும் சொன்னீர்கள். பல வருசம் கழித்து அவள் எழும்பி, ஆதரவில்லாத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை செய்தாள் என்பதையும் சொன்னீர்கள். "கதைச்ச உடன எல்லாம் மாறும் எண்டு நான் சொல்லமாட்டன். கதைக்காமல் மாறினதை நான் காணேல்லை."

பேர்சைத் திறந்து கடிதத்தை எடுத்து, காருக்குள் இருந்தே அந்த நம்பருக்கு அடித்தேன்.

உளவியலாளரின் பெயர் ஹெலன். படுக்கிற கட்டில் ஒன்றும் இல்லை, இரண்டு சாதாரணக் கதிரைகள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டா. வேண்டாம் என்றேன். மெல்பேர்னில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் யாரோ ஒருவருக்கு ஒன்றுவிட்ட மச்சானாக இருப்பார். என் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். அப்பா, குளியலறை, முப்பத்தொன்று. கை ஓங்கினேன் என்ற இடத்துக்கு வந்ததும் சொல் இல்லை. நான் அடிக்கப் பார்த்தேன் என்றால் அது வேறு. கையைத் தூக்கினேன் என்றால், வகுப்பில் கேள்வி கேட்பது போலிருக்கிறது. மூன்று தரம் முயன்று விட்டுவிட்டேன்.

"உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்றா ஹெலன்.

"உங்களுக்கு விளங்காதே."

"பரவாயில்லை. இன்றைக்கு உங்களுக்கு விளங்கட்டும்."

சொன்னேன், அண்ணா. ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாத ஒரு மனிசியைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் தமிழில் சொன்னேன். கதைத்துக்கொண்டு போகும்போது, நான் நினைக்காத ஒன்று வாயிலிருந்து வந்தது. "அண்ணா சொன்னது சரி." அதைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள், உன்னைப் போல பிள்ளை கிடைக்க வேண்டும் என்று சொல்லும்போது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ருசிக்காகவும் அவரை வைத்திருந்தேன். நீங்கள் பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கை எழும்பியிராது.

முழுக்கச் சரியில்லை, அண்ணா. பாதி சரி. விடியப்புறம் என்னை யாரென்று தெரியாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தேத்தண்ணி குடிப்பார். அதற்காகவும்தான் வைத்திருந்தேன். அந்தப் பாதியைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் கை எழும்பவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. ஆனால் ராத்திரி நித்திரை வந்தது. ஐந்தாம் கிழமையோ ஆறாம் கிழமையோ, காலையில் நான் குசினியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாந்தி அடுப்பில் பாலை வைத்துவிட்டு உடுப்புக் காயப்போடப் போனா. ஜன்னலுக்கு வெளியே இருந்து கத்தினா.

"பால் பொங்குதப்பா! தூக்குங்கோ!"

எட்டித் தூக்கினேன். சட்டியை இறக்கி வைத்த பிறகுதான் பார்த்தேன், வலதுகையில் பேப்பர் இருக்கிறது.

சாந்தி ஓடி வந்து வாசலில் நின்று என் கையையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தா. அழுதா. பிறகு, "பாதிப் பாலை ஊத்திப்போட்டியள், அடுப்பைத் துடையுங்கோ. அந்தக் கையாலயே துடையுங்கோ" என்றா. துடைத்தேன். எரிந்த பால் மணத்தோடு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

எல்லாம் அன்றோடு முடியவில்லை. சில நாள் கை மறுபடி சோர்ந்தது. பிசியோ, ஹெலன், லைசன்சுக்கு டொக்டர் சோதனை என்று மூன்று மாதத்துக்கு மேல் போயிற்று. இப்போதும் களைத்தால் விரல் கொஞ்சம் விறைக்கும். எனக்கு இப்போது பயமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் பாலா நின்றார். கிளேட்டனில் இருக்கிற கணக்காளர், கோயிலில் கண்டால் சிரிக்கிற அளவு பழக்கம். ஒரு வருசமாகக் கால் இழுத்து நடக்கிறார். முதுகெலும்பு வருத்தம் என்று கேள்வி.

"பஸ் ஓடுறியளாம். ஸ்ட்ரோக் முழுக்கச் சுகமே?" என்றார்.

சாந்தி என்னைப் பார்த்தா. நான் சொன்னேன்.

"ஸ்ட்ரோக் இல்லை, பாலா. அது பொய். அண்ணாவோட கோவம், அவர் செத்த துக்கம், எல்லாம் சேர்ந்து கையில வந்தது. நரம்பில ஒண்டுமில்லை. கதைச்சுத்தான் சுகமாகினது."

முன்னும் பின்னும் நாலைந்து பேருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நின்றேன். பாலா தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று யோசித்தேன். சாப்பிட்டு முடித்து செருப்பு எடுக்கிற இடத்தில் பக்கத்தில் வந்து, குனிந்தபடியே கேட்டார்.

"எனக்கும் ஸ்கான் எல்லாம் கிளியர். நான் நடிக்கிறன் எண்டு மனிசி நினைக்கிறா. நீங்கள் போன ஆளின்ரை நம்பர் தருவியளே?"

கொடுத்தேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றார். வருகிற வியாழன் காலை பத்தரைக்கு அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது. எனக்கு அன்றைக்கு வேலையில்லை. காரில் ஏற்றிக்கொண்டு போய், அவரை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே கதிரையில் இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் கதவைத் தட்டமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு, அண்ணா.

உங்களோடு சண்டை பிடித்த,
உங்கள் ஒரே தம்பி,
ரவி
நோபல் பார்க், மெல்பேர்ன்